அடுத்த ஆண்டு என்ன மாறும்? ஆறு வருடமாகத் தப்பாக எழுதியவனின் கேள்வி

மூலைமேசை (கேள்வி)

வணக்கம். நான் ஒரு சிறிய மாதப் பத்திரிகையில் உதவி ஆசிரியன். டிசம்பர் பிறந்தால் என் தலையில் விழுகிற வேலை ஒன்று உண்டு. ‘வரும் ஆண்டில் சமூகத்திலும் பண்பாட்டிலும் என்னென்ன மாறும்’ என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். 2019 டிசம்பரில் ஆரம்பித்தது. யாரும் திரும்பக் கேட்டதில்லை என்பதால் நானும் ஆறு வருடமாகக் கூச்சமில்லாமல் எழுதிவந்தேன்.

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது அந்த ஆறு இதழ்களும் மொத்தமாகக் கையில் அகப்பட்டன. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கவே வேண்டாம்.

2020-க்கான கட்டுரைக்கு ‘பயணங்களின் ஆண்டு’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். அந்த இதழ் வெளியான அதே வாரத்தில், டிசம்பர் 31 அன்று, காரணம் தெரியாத நிமோனியா பற்றிய தகவல் உலக சுகாதார அமைப்பின் காதுக்கு எட்டியது. சரி, அதற்காக என்னை யாரும் தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் 2022-க்கான கட்டுரை? ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபரில் மெய்நிகர் உலகத்தை நம்பி ‘மெட்டா’ என்று பெயர் மாற்றியதைப் பார்த்துவிட்டு, ‘அடுத்த ஆண்டு நாம் அலுவலகக் கூட்டங்களுக்கு உருவம் மாறிப் போவோம்’ என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். நான் இதுவரை அதற்கான மெய்நிகர் கண்ணாடியைத் தலையில் மாட்டிப் பார்த்தது கூட இல்லை. 2023-க்கானது இன்னும் வேடிக்கை. சிறப்பிதழ் என்பதால் நவம்பர் கடைசியிலேயே அச்சுக்குப் போய்விட்டது. நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. நான்கு பக்கத்தில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்கூட இல்லை.

இந்த வருடத்துக்காக எழுதியதில் மொத்தம் 12 கணிப்புகள். அவற்றில் 5 சரியா தப்பா என்று சொல்லவே முடியாதவை. ‘மக்கள் நிதானமான வாழ்க்கையை நோக்கித் திரும்புவார்கள்’ என்று இருக்கிறது. எந்த மக்கள், எதை வைத்து அளப்பது, எழுதிய எனக்கே விளங்கவில்லை. 4 ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவை. 2 சுத்தமாகத் தப்பு. மிச்சம் இருந்த ஒன்று சரி, ஆனால் நான் சொன்ன காரணத்தால் அல்ல. போக்கைக் கணிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு குருட்டாம்போக்கில் எழுதியிருக்கிறேன்.

ஏழாவது கட்டுரையை இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டும். இதில் கற்றுக்கொள்ளக்கூடிய முறை ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாமே வாய்க்கு வந்ததுதானா? இந்த வேலையை உண்மையிலேயே செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மழைக்கணக்கு

தம்பி, நான் வானிலைத் துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சமூகம், பண்பாடு எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் தப்பாகச் சொல்லி மறுநாள் காலையிலேயே திட்டு வாங்குவது எப்படி என்று நன்றாகத் தெரியும். உங்களுக்குத் திட்டு விழவே இல்லை, அதுதான் உங்கள் பிரச்சினை என்று தோன்றுகிறது.

எங்கள் தொழிலில் ‘நாளை மழை வரும்’ என்று சொல்வதை விட்டு ‘70 சதவீத வாய்ப்பு’ என்று சொல்லப் பழகியதே ஒரு பெரிய மாற்றம். அப்படிச் சொன்னதைச் சோதிக்க ஒரு கணக்கு வேண்டும் இல்லையா? க்ளென் பிரையர் என்ற வானிலையாளர் 1950-இல் அதைக் கொடுத்தார். இன்று பரவலாகப் பயன்படும் எளிய வடிவத்தைச் சொல்கிறேன். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து வர்க்கப்படுத்துங்கள். 70 சதவீதம் என்று சொல்லி மழை பெய்தால் 0.3-இன் வர்க்கம், 0.09. பெய்யாவிட்டால் 0.7-இன் வர்க்கம், 0.49. இப்படி எல்லாக் கணிப்புகளுக்கும் போட்டுச் சராசரி பாருங்கள். குறையக் குறைய நல்லது. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 50 சதவீதம் என்று சொல்கிறவனுக்கு 0.25 வரும். அதற்கு மேலே போகிறவன் பேசாமல் காசைச் சுண்டிப் போட்டிருக்கலாம்.

நாங்கள் மழைக்குச் செய்ததை அரசியலுக்குச் செய்து பார்த்தவர் ஃபிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர். 284 நிபுணர்களிடம் ஏறத்தாழ 20 வருடமாகச் சுமார் 28,000 கணிப்புகள் வாங்கி, பொறுமையாகக் காத்திருந்து சரிபார்த்தார். 2005-இல் புத்தகமாக வந்தது. நிபுணர்களின் நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒரே பெரிய கருத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கிறவர்கள்தான் மோசமாகத் தோற்றார்கள். ஊடகங்களில் அதிகம் பேசுகிறவர்களும் அப்படியே. 2011-இல் அமெரிக்க உளவுத் துறையின் ஆய்வுப் பிரிவு ஒரு கணிப்புப் போட்டி நடத்தியபோது, இவர் சேர்த்த சாதாரண மனிதர்களின் குழு முன்னுக்கு வந்தது. அவர்களிடம் இருந்த பழக்கம் ரொம்பச் சாதாரணம். முதலில் ‘இந்த மாதிரி விஷயம் இதற்கு முன் எத்தனை தடவை நடந்திருக்கிறது’ என்று பார்ப்பார்கள். அப்புறம் புதுத் தகவல் வர வர எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். 55-ஐ 58 ஆக்குவார்கள், 90 ஆக்க மாட்டார்கள்.

உங்கள் வாக்கியம் ஒன்றைக் கொடுங்கள், பிரித்துப் பார்ப்போம்.

---

மூலைமேசை

ஐயா, இதோ போன வருடப் பட்டியலின் ஏழாவது: ‘பிள்ளைகளின் கைபேசிப் பழக்கத்துக்கு எதிராகச் சமூகம் விழித்துக்கொள்ளும்.’

---

மழைக்கணக்கு

‘விழித்துக்கொள்ளும்’ என்பதை எந்தக் கருவியால் அளப்பீர்கள்? சமூகம் எத்தனை மணிக்கு எழுந்தது என்று யார் குறித்துவைப்பார்கள்?

இப்படி எழுதியிருக்கலாம். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் போட்டது. 2025 டிசம்பர் 10 அன்று அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இதை முளையாக அடித்துக்கொண்டு, ‘2026 டிசம்பர் 31-க்குள் வேறு ஒரு நாட்டின் நாடாளுமன்றமாவது வயது வரம்பு வைத்துச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றும், வாய்ப்பு 80 சதவீதம்’ என்று எழுதுங்கள். என்ன சட்டம், எந்தத் தேதிக்குள், எண் என்ன, எல்லாம் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து உங்கள் பிள்ளையே மதிப்பெண் போட்டுவிடலாம்.

இன்னொன்று. அடுத்த ஆண்டைப் பற்றி நமக்கு நிச்சயமாகத் தெரிந்தவை நிறைய உண்டு, யாரும் அவற்றைக் கணிப்பு என்று மதிப்பதில்லை. 2026-இல் 18 வயது நிரம்பப் போகிற ஒவ்வொருவரும் 2008-இல் பிறந்தாகிவிட்டது. ஐபோன் வந்தது 2007-இல். அவர்களுக்குத் தொடுதிரை இல்லாத உலகமே தெரியாது. ஊரடங்கு வந்தபோது அவர்களுக்கு 11, 12 வயது. நண்பர்களோடு தனியாக வெளியே சுற்ற ஆரம்பிக்கிற வயதில் அறைக்குள் இருந்தார்கள். கல்லூரியிலும் முதல் வேலையிலும் வந்து உட்காரப் போகிறவர்கள் இவர்கள்தான். உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தை இவர்களுக்கே ஒதுக்கலாம். ஆரூடமே தேவையில்லை.

---

நூல்கண்டு

நான் ஆடை வடிவமைப்பில் இருக்கிறேன். ‘இந்த வேலையை உண்மையிலேயே செய்கிறவர்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறோம், அதனால் ஒரு தொழில் ரகசியம் சொல்லலாம்.

அடுத்த ஆண்டின் நிறம் என்ன என்று நாங்கள் கணிப்பதில்லை. முடிவு செய்கிறோம். நூலுக்குச் சாயம் போட வேண்டும், துணி நெய்ய வேண்டும், மாதிரி தைக்க வேண்டும், ஆர்டர் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் உடுப்பு தொங்கும். அதனால் நிறக் குறிப்பேடுகள் ஏறத்தாழ இரண்டு வருடம் முன்னாடியே எங்கள் மேசைக்கு வந்துவிடும். நூல் ஆலைக்காரரும் அதையே பார்க்கிறார், பை தைக்கிறவரும் அதையே பார்க்கிறார், சுவருக்குப் பெயின்ட் கலக்கிறவரும் பார்க்கிறார். எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து வேலை செய்தால் அந்த நிறம் வராமல் எங்கே போகும்? பேண்டோன் நிறுவனம் ‘ஆண்டின் நிறம்’ என்று அறிவிக்க ஆரம்பித்தது 2000-ஆம் ஆண்டுக்கு. முதல் நிறம் செருலியன் என்ற வானநீலம். வெளியே இருப்பவர்களுக்கு அது கணிப்பு. எங்களுக்கு அது ‘எல்லோரும் இந்தப் பக்கம் திரும்புங்கள்’ என்கிற சைகை. சொன்னதாலேயே நடக்கிற கணிப்பைப் பற்றி ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1948-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நல்ல வங்கியைக்கூட ‘மூழ்கப் போகிறது’ என்று எல்லோரும் நம்பினால், நம்பியதாலேயே மூழ்கும் என்பது அவர் சொன்ன உதாரணம்.

ஆகவே உங்கள் பட்டியலில் முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான்: யாரோ முன்கூட்டியே முடிவெடுத்து, பணம் போட்டு, தேதி குறித்துவிட்ட மாற்றங்கள் ஒரு பக்கம்; யாரும் முடிவெடுக்காமல் தானாக வருகிறவை இன்னொரு பக்கம். முதல் வகையைத் தெரிந்துகொள்ள மூளை வேண்டாம், தொடர்பு எண்கள் போதும். ஒரு சாயக்காரரிடம் பேசினால் ஒன்றரை வருடம் கழித்து என்ன நிறத்தில் சட்டை தொங்கும் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வகைதான் சுவாரஸ்யம். விளம்பரமே இல்லாமல் மாறுகிற ஃபேஷன் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்? குழந்தைகளின் பெயர். யாரும் பெயரை விற்பதில்லை, எந்த நிறுவனமும் லாபம் பார்ப்பதில்லை. ஆனாலும் ஒரு பெயர் எழும், பத்து வருடத்தில் வகுப்புக்கு நான்கு பேர், அப்புறம் ஒருவரும் வைக்க மாட்டார்கள். ஸ்டான்லி லிபர்சன் என்ற சமூகவியலாளர் இதற்காகவே பெயர்களைப் பிடித்துக்கொண்டு ஒரு புத்தகம் எழுதினார். 2009-இல் ஜோனா பெர்கர், கேல் லெ மென்ஸ் என்ற ஆய்வாளர்கள் இரண்டு பேரும் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் நூறு வருடத்துக்கும் மேலான பெயர்ப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வேகமாக ஏறின பெயர்கள் வேகமாகவே இறங்கின. பிள்ளை பிறக்கப்போகிற பெற்றோர்களைக் கேட்டால், திடீரென்று ஏறுகிற பெயரைக் கண்டால் ‘இது சும்மா வந்து போகிறது’ என்று ஒதுங்குகிறார்களாம்.

எனக்கு இது தினசரி அனுபவம். ஒரு கை வெட்டு, ஒரு காலர், மூன்றே வாரத்தில் எல்லா இடத்திலும் தெரிந்தால் நான் அதற்குத் துணி வாங்க மாட்டேன். இரண்டு வருடமாக மெதுவாக, அலட்டாமல் ஏறிக்கொண்டிருக்கிற விஷயத்துக்குத்தான் வாங்குவேன். ஒரே ஒரு தடவை மீறினேன். அந்தத் துணி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. தலையணை உறை, மேசை விரிப்பு, அம்மாவின் தையல் மெஷினுக்கு உறை என்று எல்லாம் தைத்தும் தீரவில்லை.

இன்னும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. ஆல்ஃப்ரெட் குரோபர் என்ற மானிடவியலாளர், பழைய ஃபேஷன் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பெண்களின் மாலை நேர உடைகளை அளவுகோலால் அளந்தார். பாவாடை நீளம், அகலம், இடுப்பு எங்கே, கழுத்து எவ்வளவு ஆழம். 1919-இல் அது கட்டுரையாக வந்தது. பின்னால், 1940-இல் ஜேன் ரிச்சர்ட்சனோடு சேர்ந்து அதை மூன்று நூற்றாண்டுக்கு நீட்டினார். அவர் கண்டது, வருடத்துக்கு வருடம் மாறுகிறது போல நமக்குத் தெரிவதற்கு அடியில் ஏறத்தாழ நூறு வருட அலை ஒன்று ஓடுகிறது. நான் கல்லூரியில் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அலையின் நீளம் நூறு வருடம் என்றால், ஒரு வருடத்தில் நான் பார்ப்பது அதில் எத்தனை விரற்கடை?

---

எதிர்வரிசை

எல்லோரும் ரொம்ப நம்பிக்கையாகப் பேசுகிறீர்கள். 2006-இல் சல்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் செய்த இசைப் பரிசோதனையைப் படித்துவிட்டு வாருங்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள், 14,000-க்கும் மேற்பட்ட கேட்பவர்கள். அவர்களை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு ‘உலகங்களாக’ப் பிரித்தார்கள். ஒவ்வொரு உலகத்திலும் தனக்கு முன்னால் எத்தனை பேர் எந்தப் பாட்டை இறக்கிக்கொண்டார்கள் என்று தெரியும். பாட்டு அதே பாட்டு. ஆனால் ஒரு உலகத்தில் முதல் இடம், இன்னொன்றில் 40-ஆவது இடம். ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போனது அரிது, ரொம்ப மோசமானது உச்சிக்கு வந்ததும் அரிது, அவ்வளவுதான் சொல்ல முடியும். நடுவில் இருக்கிற எல்லாம் யார் முதலில் எதைச் சொடுக்கினார்கள் என்பதைப் பொறுத்தது.

நாம் வாழ்வது அந்த எட்டில் ஒன்று. மற்ற ஏழைப் பார்க்க வழியில்லை. ‘அடுத்த ஆண்டு எந்தப் பாட்டு, எந்தச் சொல், எந்த நடனம் பரவும்’ என்ற கேள்விக்குப் பதில் யாரிடமும் இல்லை. பத்திரிகையை மூடிவிட்டுத் தூங்கப் போங்கள்.

---

மூலைமேசை

@எதிர்வரிசை, பத்திரிகையை மூட எனக்கு அதிகாரம் இல்லை, இருந்திருந்தால் எப்போதோ தூங்கியிருப்பேன்.

ஆனால் நீங்கள் சொன்னதும் @நூல்கண்டு அக்கா சொன்னதும் ஒன்றுக்கொன்று முட்டுகிறது போல எனக்குத் தோன்றவில்லை. எது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தது தங்குமா என்று கொஞ்சம் சொல்லலாம். இப்படிப் புரிந்துகொண்டது சரியா?

இதை எழுதும்போது என் இன்னொரு மானக்கேடு ஞாபகம் வருகிறது. மூன்று வருடம் முன்னால் ஒரு புதுப் பொழுதுபோக்கைப் பற்றி எழுதினேன், எது என்று கேட்காதீர்கள். ஒரு சொல்லை மக்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் தட்டிப் பார்த்தேன். கோடு தரையில் ஊர்ந்து வந்து, கடைசி மூன்று மாதத்தில் செங்குத்தாக ஏறி 100-ஐத் தொட்டது. அந்தப் படத்தையே கட்டுரையில் அரைப் பக்கத்துக்குப் போட்டேன். இதழ் வந்த மறுநாள் பக்க வடிவமைப்பாளர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். நான் தட்டிய சொல்லுக்குப் பக்கத்தில் ‘வானிலை’ என்ற சொல்லையும் சேர்த்திருந்தார். வானிலைக் கோடு மேலே எங்கேயோ அலைந்துகொண்டிருந்தது. என் செங்குத்து மலை இருந்த இடத்தில் அடிக்கோடு போட்ட மாதிரி ஒரு கீறல். பூஜ்யம்.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், அந்த 100 என்பது எண்ணிக்கையே இல்லை. நாம் தேர்ந்தெடுத்த காலத்துக்குள், நாம் தேர்ந்தெடுத்த சொல்லின் உச்சம் எதுவோ அதற்கு 100 என்று பெயர் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அதற்கு ஒப்பிட்டுக் காட்டுகிறது. கொஞ்சப் பேர் தேடினாலும் உச்சம் உச்சம்தான். மலையைக் காட்டுகிறது, அது கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்வதில்லை. வடிவமைப்பாளர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ‘வானிலை எப்படி இருக்கு சார்?’ என்றுதான் கேட்பார்.

---

மழைக்கணக்கு

வானிலையை வைத்து ஒருவரைத் திருத்தியிருக்கிறார்கள், மகிழ்ச்சி.

தேடல் வேறு, செயல் வேறு என்பதற்குப் பெரிய ஆட்களே அடிவாங்கியிருக்கிறார்கள். கூகுள் 2008-இல் ‘ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்’ என்று ஆரம்பித்தது. காய்ச்சல் தொடர்பான தேடல்களை வைத்து ஃப்ளூ எங்கே எவ்வளவு பரவுகிறது என்று மதிப்பிடும் சேவை. 2012–13 பருவத்தில் அது சொன்னது, மருத்துவர்களிடம் போனவர்களின் உண்மையான கணக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. செய்தியைப் பார்த்துப் பயந்தவனும் தேடுகிறான், காய்ச்சல் வந்தவனும் தேடுகிறான். 2015-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

@எதிர்வரிசை சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன், முடிவைத் தவிர. நாளை மூன்று மணிக்கு இந்தத் தெருவில் மழையா என்று நானும் சொல்ல முடியாது. ஆனால் எந்த மாதம் நனையும் என்று சொல்லலாமே. அதற்காகத்தானே 31 வருடம் சம்பளம் கொடுத்தார்கள்.

---

நூல்கண்டு

தம்பி @மூலைமேசை, சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் என்பது நமக்குப் பெரிதாகத் தெரிகிறது, பழக்கங்களுக்கு அது ஒன்றுமே இல்லை.

‘செல்ஃபி’ என்ற சொல்லை ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி ஆண்டின் சொல்லாக அறிவித்தது 2013-இல். அந்தச் சொல்லுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று 2002-இல் ஒரு ஆஸ்திரேலிய இணைய மன்றத்தில். 11 வருடம். கியூஆர் குறியீட்டை ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல் வாகன உதிரிபாகங்களை அடையாளம் வைக்கக் கண்டுபிடித்தது. எதையும் தொடப் பயந்த 2020-இல்தான் அது உலகம் முழுக்க எல்லோர் கைக்கும் வந்தது. படம் பார்த்துப் பேசும் தொலைபேசியை ஏடி அண்ட் டி நிறுவனம் 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்தது. நம் பாட்டி காணொளி அழைப்பில் நெற்றியை மட்டும் காட்டிப் பேசுவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

திரும்பி வருகிறவையும் அப்படித்தான். அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனை வருமானம் குறுந்தகடைத் தாண்டியது 2020-இல், 1986-க்குப் பிறகு முதல் முறையாக. அதைச் ‘செத்துப்போனது’ என்று எழுதாத பத்திரிகை உண்டா? 2000-ஐ ஒட்டி எழுதியவர்கள் எல்லோரும் அன்றைக்குச் சரி.

எனவே புதிது எங்கே என்று தேடுவதை விட, ஐந்து, பத்து வருடமாக மூலையில் கிடக்கிற எதற்கு இப்போது தடை விலகியிருக்கிறது என்று தேடுங்கள். கியூஆருக்கு என்ன தடை? கைபேசிக் கேமராவே நேரடியாக அதைப் படிக்காமல், தனிச் செயலி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஐபோனில் அந்தத் தடை 2017-இல் விலகியது. நான் அன்றைக்குக் கவனித்திருந்தால் இன்றைக்கு உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்துக் காசு வாங்கியிருப்பேன்.

---

அரைத்தூக்கம்

நான் எங்கள் அலுவலகத்தில் இதே மாதிரி அறிக்கை எழுதுகிறேன். வருடா வருடம் எல்லா வரியிலும் ‘மேலும் அதிகரிக்கும்’ என்று போட்டுவிடுவேன். தனிமை மேலும் அதிகரிக்கும், கூடிப் பழகும் ஆர்வமும் மேலும் அதிகரிக்கும். இரண்டில் ஒன்று நடந்தே தீரும். பதவி உயர்வு கூடக் கிடைத்தது.

---

எதிர்வரிசை

@அரைத்தூக்கம், இந்தத் திரியிலேயே நேர்மையான பதில் உங்களுடையதுதான்.

---

மூலைமேசை

பத்து நாள் கழித்து வருகிறேன். கட்டுரை முடிந்துவிட்டது. உங்கள் எல்லோருக்கும் நன்றி, @அரைத்தூக்கம் உட்பட. உங்கள் உத்தியை ஒரு பெட்டிச் செய்தியாகவே போட்டிருக்கிறேன், பெயர் போடவில்லை.

இந்தத் தடவை 12 இல்லை, 6 மட்டும். மழைக்கணக்கு ஐயா எழுதிக்கொடுத்த வயது வரம்புச் சட்டம் முதலாவது, அவர் சொன்ன 80 சதவீதத்தோடேயே. நூல்கண்டு அக்காவிடமிருந்து திருடியது இரண்டாவது: 2026-லும் அமெரிக்காவில் இசைத்தட்டு வருமானம் குறுந்தகடைவிட மேலேயே இருக்கும், 96 சதவீதம். இதில் என்ன வீரம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. ஆனால் ‘மாறாது’ என்பதையும் ஒரு கணிப்பாக அச்சில் ஏற்றியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

மூன்றாவதும் நான்காவதும் நாள்காட்டியிலிருந்து. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை உலகக் கோப்பைக் கால்பந்து, முதல் முறையாக 48 அணிகள். இதுவரை உள்ளே வராத சிறிய நாடுகளுக்கும் இடம் கிடைப்பதால், அதில் ஒன்றாவது முதல் சுற்றைத் தாண்டி உலகமே அந்த நாட்டின் பெயரை நிலப்படத்தில் தேடும், 75. ஆகஸ்ட் 12 அன்று முழுச் சூரிய கிரகணம், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாக. அந்த வாரத்தில் கூகுள் ட்ரெண்ட்ஸில், உலகம் முழுவதற்குமான கோட்டில் ‘எக்லிப்ஸ்’ என்ற சொல் அந்த வருடத்தின் 100-ஐத் தொடும், 90. இதற்குப் பக்கத்தில் ‘வானிலை’யைச் சேர்க்கக் கூடாது என்று வடிவமைப்பாளரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

ஐந்தாவது, ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல். 2024-இல் ‘பிரெய்ன் ராட்’ (மூளை மழுங்குவது), 2025-இல் ‘ரேஜ் பெய்ட்’ (கோபத்தைத் தூண்டவே போடும் பதிவு). இரண்டுமே திரை முன்னால் உட்கார்ந்து கெட்டுப்போவதைப் பற்றியவை. அடுத்ததும் இணைய வாழ்க்கையிலிருந்தே வரும் என்று 70 போட்டிருக்கிறேன்.

ஆறாவதுதான் எனக்குப் பிடித்தது, பெர்கர், லெ மென்ஸ் பெயர்களை வைத்துச் செய்ததை நான் இணையச் சொற்களில் பார்க்கப்போகிறேன். இந்த மூன்று மாதத்தில் திடீரென்று ஏறிய மூன்று இணையச் சொற்களை எழுதி உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. அடுத்த டிசம்பரில் மூன்றில் குறைந்தது இரண்டு சொற்களின் தேடல் தத்தம் உச்சத்தின் கால்பங்குக்குக் கீழே இறங்கியிருக்கும், 75.

ஆசிரியர் படித்துவிட்டு, “இதில் பரபரப்பே இல்லையேப்பா” என்றார். நான்கு பக்கத்தை இரண்டாகக் குறைத்துவிட்டார். மிச்ச இரண்டு பக்கத்தில் என் பழைய ஆறு பட்டியல்களையும் சிவப்புப் பேனாத் திருத்தத்தோடு அப்படியே படமெடுத்துப் போடச் சொன்னது அவர் யோசனைதான். ‘அலுவலகக் கூட்டங்களுக்கு உருவம் மாறிப் போவோம்’ என்பதைச் சுற்றி நான் போட்ட வட்டம் அச்சில் நன்றாகவே தெரிகிறது.

---

மழைக்கணக்கு

ஐந்தாவதில் ஓட்டை இருக்கிறது. ‘இணைய வாழ்க்கையிலிருந்து வந்த சொல்’ என்று எதைச் சொல்வீர்கள்? இன்றைக்கு எந்தச் சொல்தான் இணையம் வழியாக வரவில்லை? அடுத்த டிசம்பரில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிக்கொள்வீர்கள்.

---

மூலைமேசை

மாட்டிக்கொண்டேன் ஐயா. இதழ் அச்சுக்குப் போய்விட்டது. ஐந்தாவதுக்கு நீங்களே நடுவராக இருங்கள்.

---

மழைக்கணக்கு

இருக்கிறேன். @எதிர்வரிசையும் கூட இருக்கட்டும், அவர் உங்களுக்கு ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

---

எதிர்வரிசை

சரி. ஆனால் உறையை அனுப்பும்போது பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.